எட்டில் ஏழு மேகம்

மார்ச் 6, திங்கள்

இன்று கப்பல் வரும் நாள். தக்காளி, கோஸ், கறிவேப்பிலை எல்லாம் வந்து இறங்கும். பத்தரைக்கெல்லாம் படகுத்துறைக்குப் போகாவிட்டால் நசுங்கினதும் அழுகினதும்தான் மிஞ்சும். நான் போகவில்லை. மெமோ வந்துவிட்டது.

பெரிய ஆபீஸிலிருந்து மின்னஞ்சலில் இரண்டு பக்கம். ஹென்லி தீவு வானிலை நிலையம் அனுப்பும் மேகக் கணக்கும், செயற்கைக்கோள் பார்க்கும் மேகக் கணக்கும் ஒத்துப்போகவில்லையாம். பிப்ரவரியில் மட்டும் இருபத்தோரு நாள் நாங்கள் எட்டில் ஆறு, எட்டில் ஏழு என்று எழுதி அனுப்பியிருக்கிறோம். அதே நேரத்தில் செயற்கைக்கோளுக்கு அங்கே ஒரு துளி மேகம்கூடத் தெரியவில்லை. 'கண்காணிப்பாளர் வெளியே செல்லாமலே பதிவு செய்யப்படுகிறதா என்பதற்கு விளக்கம் தரவும்' என்று முடித்திருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து பொய் எழுதுகிறீர்களா என்பதை இதைவிட மரியாதையாகக் கேட்க முடியாது.

மேகக் கணக்கில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே, ஆபீஸை ஒட்டிய மேட்டில் போய் நின்று, தலையை நிமிர்த்தி, வானத்தை மனசுக்குள் எட்டுப் பங்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எத்தனை பங்கை மேகம் மறைத்திருக்கிறதோ அந்த எண்ணை எழுத வேண்டும். கருவி கிடையாது, கண்தான். அதனால்தான் பொய் எழுதுவதும் சுலபம்.

இந்த நிலையத்தில் ஆட்கள் இரண்டே பேர். காலை எட்டரையும் பதினொன்றரையும் என்னுடையது. மதியம் இரண்டரையும் மாலை ஐந்தரையும் லோகநாதன் அண்ணனுடையது. மெமோவை மூன்றாவது முறை படிக்கும்போதுதான் கவனித்தேன். ஒத்துப்போகாதவை எல்லாம் மதியமும் மாலையும் எழுதியவை. காலைப் பதிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது அவ்வளவு நல்ல நிம்மதி இல்லை என்று பட்டது. அதற்குள் தக்காளி தீர்ந்துவிட்டது.

மார்ச் 7, செவ்வாய்

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. குவார்ட்டர்ஸில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவிடம் மூன்று குடம் வாங்கினேன்.

மார்ச் 9, வியாழன்

சொல்லிவிட்டேன்.

லோகநாதன் அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஆனாலும் நிலையப் பொறுப்பு என்னிடம் இருப்பதால் அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை அண்ணன் என்பேன். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, இந்தப் பக்கத்துத் தீவு ஒன்றில் ரப்பர் பால் வெட்டக் குடியமர்த்தப்பட்டவர்கள். அண்ணன் பதினொரு வருஷமாக இங்கே ஒப்பந்த ஊழியர். இந்த வருஷம்தான் நிரந்தரம் செய்யும் பட்டியலுக்கு அவர் பெயர் போயிருக்கிறது. பட்டியல் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி வெளியாகும். அதற்குள் அவர் பெயரில் ஒரு கறை விழுந்தால் அடித்துவிடுவார்கள். அடுத்த பட்டியலுக்கு அவருக்கு வயது தாண்டிவிடும். இரண்டு பெண் பிள்ளைகள் வேறு.

மெமோவை அவர் நின்றபடியே படித்தார். ஆங்கிலத்தை அவர் வாய்விட்டு மெதுவாகப் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

"நான் பாத்ததத்தான் எழுதியிருக்கேன் மேடம்."

"இருபத்தோரு நாளும் ஆறு, ஏழுதானா அண்ணே?"

"ஏழு இருந்த நாள் ஏழு. ஆறு இருந்த நாள் ஆறு. இல்லாத மேகத்த எழுதி நான் என்ன மேடம் மழையா வித்துப் பொழைக்கப்போறேன்?"

"சேட்டலைட் பொய் சொல்லாதுல்லண்ணே."

"நானும் சொல்லல மேடம்."

குடையை எடுத்துக்கொண்டு இரண்டரை மணிப் பதிவுக்குப் போனார். நான் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டேன். மதியத்துக்கு மேல் ஆபீஸில் எனக்கு வேலை இல்லை.

மார்ச் 12, ஞாயிறு

தண்ணீர் வந்தது. ஒரு வாரத் துணியையும் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டேன். இரண்டு பெட்ஷீட், ஆறு சேலை, துண்டுகள். இரண்டு மணிக்கெல்லாம் அப்பளம் மாதிரி மொடமொடவென்று காய்ந்துவிட்டன.

துணி எடுக்கப் போனேன். அதற்காக மட்டும் போகவில்லை. கையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு சரியாக இரண்டரைக்குப் போனேன். குன்றுப் பக்கம் மேகம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மற்ற பக்கமெல்லாம் கடல் வரைக்கும் நீலம். தாராளமாகப் போட்டாலும் எட்டில் மூன்று.

ஆபீஸுக்குப் போன் போட்டு, வேறு எதையோ கேட்பது போலக் கேட்டேன். "இன்னைக்கு ஏழு மேடம்" என்றார்.

மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவே நாலு பொய். எட்டில் ஏழு மேகம் இருக்கும் ஊரில் பெட்ஷீட் அப்படிக் காயாது. ஆபீஸ் இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். அதற்குள் வானம் மாறிவிடுமா என்ன?

நானும் ஒன்றிரண்டு முறை, மழை நாளில், ஜன்னல் வழியே பார்த்து எழுதியிருக்கிறேன். அது வேறு.

மார்ச் 14, செவ்வாய்

ஆதாரம் அனுப்புங்கள் என்று நான் கேட்டதற்குப் பெரிய ஆபீஸ் ஆறு படங்கள் அனுப்பியிருக்கிறது. இங்கே இணையம் நடக்கிற வேகத்தில் ஆறும் வந்து சேர ஒரு காலைப்பொழுது ஆனது. நடுவில் ஒரு டீ போட்டுக் குடித்து, எலி கடித்த ஒயரை டேப் போட்டுச் சுற்றி, வாசலைக்கூடப் பெருக்கிவிட்டேன்.

ஆறும் பிப்ரவரி மதியங்கள். செயற்கைக்கோள் மேலிருந்து எடுத்தவை. கறுப்பாகக் கடல். நடுவில் எங்கள் நிலையம் இருக்கும் இடத்தில் சிவப்பில் ஒரு சின்னக் கூட்டல் குறி. எங்கள் தீவு ஆறு கிலோமீட்டர் நீளம்தான் என்பதால் இவ்வளவு உயரத்திலிருந்து தனியாகத் தெரியாது என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். சிவப்புக் குறியின்மேல் மேகம் இல்லை. ஆறு படத்திலும் இல்லை. படத்தின் மேல்பக்கம், வடக்கே, ஒரு விரல்கடை தள்ளி ஏதோ வெள்ளைத் திட்டு இருக்கிறது. அது எங்களுக்குச் சம்பந்தம் இல்லாதது.

குறி சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்றும் பார்த்தேன். படத்தின் அடியில் நிலையத்தின் அட்சரேகை 11.48 என்று அச்சாகியிருக்கிறது. ஆபீஸ் வாசலில் பெயிண்டில் எழுதிய போர்டிலும் 11.48. ஆக, அதில் தப்பில்லை.

படங்களை லோகநாதனிடம் காட்டினேன். ஒவ்வொன்றாக, கிட்டத்தில் வைத்தும் தூரத்தில் வைத்தும் பார்த்தார்.

"இது நம்ம தீவு இல்ல மேடம்" என்றார்.

"பின்ன யாரோட தீவு?"

படங்களை அடுக்கி என் பக்கம் தள்ளிவைத்தார். கையும் களவுமாகப் பிடித்த பிறகும் அந்த முகத்தில் ஒரு பதற்றமும் இல்லாதது எனக்குக் கோபமாக வந்தது.

மார்ச் 17, வெள்ளி

சக்கரவர்த்தி சார் போன் செய்தார். பெரிய ஆபீஸில் எங்களுக்கெல்லாம் மேலே இருப்பவர். நல்ல மனிதர், குரலை உயர்த்தமாட்டார். மதியப் பதிவுகள் உங்களுடையவை அல்ல என்பது எனக்குத் தெரியும் என்றார். அதை மட்டும் எழுத்தில், கையெழுத்தோடு கொடுத்துவிட்டால் விஷயம் அந்த ஒருவரோடு முடிந்துவிடும் என்றார். மூலப் பதிவேடுகளையும் கடிதத்தையும் புதன்கிழமைக் கப்பலில் நேரில் கொண்டுவரச் சொன்னார். போனை வைக்கும்போது, உங்களுடைய மாற்றல் கோப்பும் என் மேஜையில்தான் இருக்கிறது, ஜூனில் கடலூர் கிடைத்துவிடும் என்றார்.

மிரட்டவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார், அவ்வளவுதான்.

மார்ச் 18, சனி

இவர் போன் பண்ணினார். கடலூரில் மகளையும் வைத்துக்கொண்டு மூன்று வருஷமாகத் தனியாகச் சமாளிக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அடுத்தவன் மேகத்துக்கு நீ ஏன் ஜவாப் சொல்லணும் தமயந்தி? ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு வந்து சேரு. பொண்ணு பத்தாவது போறா."

"அவருக்கு வேல போயிடும்."

"அவரு ஒழுங்கா வெளிய போயி பாத்திருந்தா போயிருக்காதுல்ல?"

அவர் சொல்வது நியாயம்தான். நியாயமாக இருக்கிற விஷயத்துக்கு ஏன் சாப்பாடு இறங்காமல் போகிறது என்று தெரியவில்லை. ரசம் சாதத்தை அப்படியே பூனைக்கு வைத்தேன். ரசம் சாதத்தைப் பூனையும் தின்னவில்லை.

மார்ச் 20, திங்கள்

கடிதம் தட்டச்சு செய்தேன். 'மேற்படி பதிவுகள் அனைத்தும் ஒப்பந்த ஊழியர் திரு. லோகநாதன் அவர்களால் செய்யப்பட்டவை. அவற்றின் உண்மைத்தன்மைக்கு நான் பொறுப்பேற்க இயலாது.' இரண்டே வாக்கியம். இரண்டிலும் பொய் இல்லை.

கையெழுத்துப் போடவில்லை. கப்பலில் வந்த முருங்கைக்காய் நன்றாக இருந்தது.

மார்ச் 21, செவ்வாய்

போட்டேன்.

மார்ச் 22, புதன். பெரிய ஆபீஸ் விருந்தினர் அறை

இரண்டு டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுத வேண்டும்.

காலையில் பதிவேடுகள் இருந்த மூட்டையை லோகநாதன்தான் படகுத்துறை வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. "கனமா இருக்கு, நீங்க தூக்கமாட்டீங்க" என்றார். கடிதம் என் கைப்பையில் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் கப்பலில் ஏறிவிட்டேன்.

கப்பலை ஓட்டுகிற தலைவரை இங்கே சாரங் என்பார்கள். சாரங் நூர்தீன் பாய் கீழக்கரைக்காரர். தினமும் காலையில் கடல் நிலவரத்தை நான்தான் அவருக்குப் போனில் சொல்வேன் என்பதால், மேலே ஓட்டும் அறையில் எனக்கு எப்போதும் ஒரு ஸ்டூல் உண்டு. அவர் முன்னால் கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் பெட்டி ஒன்று இருக்கிறது. கிளம்பும்போது அதில் 11 டிகிரி 48 நிமிடம் என்று இருந்தது. எங்கள் போர்டில் இருப்பதுதான். பன்னிரண்டு மணிக்குத் தெற்கே கிளம்பினோம்.

இரண்டு மணி நேரம் போயிருக்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. கண்ணுக்கு எட்டிய கடலில் ஒரு பிசிறு மேகம்கூட இல்லை. அப்போது ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் தீவு அடியில் ஒரு கோடாகத்தான் தெரிந்தது. அதன்மேல், அதன்மேல் மட்டும், இட்லிக் கொப்பரையைத் திறந்தாற்போல் வெள்ளையாக ஒரு மேகம் திரண்டு எழுந்து நின்றது. சுற்றிலும் நாலாபக்கமும் சுத்தமான நீலம்.

"பாய், அது எப்பலேருந்து நிக்குது?"

"எதும்மா, ஹென்லி மேகமா? தெனமும் நிக்கும். இந்த மூணு மாசத்துக்கு எனக்குப் பொட்டியே வேணாம். அதப் பாத்தே கப்பல விட்டுருவேன். பன்னண்டு மணிக்கு மேல மொளைக்கும், பொழுது சாஞ்சாத்தான் கலையும். தரை சுடுது, கடல் சுடல, அதான். அந்தக் குன்றுக்கு அடில நிக்கிறவனுக்கு வானமே தெரியாது."

எங்கள் ஆபீஸ் அந்தக் குன்றுக்கு அடியில்தான் இருக்கிறது. என் குவார்ட்டர்ஸ் படகுத்துறையில், திறந்த கடலைப் பார்த்து இருக்கிறது. என் பெட்ஷீட் காய்ந்ததும் உண்மை, அவர் ஏழு எழுதியதும் உண்மை.

சரி, பாய்க்குத் தெரிகிற மேகம் செயற்கைக்கோளுக்கு ஏன் தெரியவில்லை? எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்க்கப் போனை எடுத்தேன். சிக்னல் இல்லாவிட்டாலும் இருக்கும் இடத்தை அது எண்ணாகக் காட்டும்.

11.48 என்று காட்டியது.

"பாய், என் போன் கெட்டுப்போச்சு. இன்னும் ஹென்லியிலேயே நிக்கிறோம்னு காட்டுது."

அவர் எட்டிப் பார்த்தார். பிறகு தன் பெட்டியைக் காட்டினார். அதில் 11 டிகிரி 29 நிமிடம்.

"கெடலம்மா. ரெண்டும் ஒண்ணுதான். பொட்டி ஒரு டிகிரிய அறுபதாப் பிரிக்கும். போன் நூறாப் பிரிக்கும். புதுசா வர்ற பயலுகளுக்கு இதத்தான் நான் மொதல்ல சொல்றது."

எனக்கு இது தெரியாததா? பயிற்சியில் முதல் வாரமே சொல்லித் தந்தது. ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம், மணிக்கணக்கு மாதிரியே. ஒன்றே முக்கால் மணி நேரத்தைக் கால்குலேட்டரில் 1.45 என்று போட்டால் கணக்கு நாறிவிடும், 1.75 என்று போட வேண்டும். அப்படித்தான் எங்கள் நிலையத்தின் 11 டிகிரி 48 நிமிடத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொன்னால் 11.80 என்று சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் துறையில் ஆதிகாலத்திலிருந்து ஒரு பழக்கம். டிகிரிக்கும் நிமிடத்துக்கும் நடுவே வெறும் புள்ளி வைத்து எழுதிவிடுவோம். போர்டிலும் அப்படித்தான், பதிவேட்டிலும் அப்படித்தான். எங்களுக்குள் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

கம்ப்யூட்டருக்கு அந்தப் பழக்கம் தெரியாது. 11.48 என்றால் 11.48 என்று எடுத்துக்கொண்டு, தீவுக்குத் தெற்கே முப்பத்தைந்து கிலோமீட்டரில், நடுக்கடலில், எங்கள் ஆபீஸை வைத்துவிட்டது. செயற்கைக்கோள் தினமும் மதியம் பார்த்தது அந்த இடத்தை. அதாவது நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இடத்தை. அங்கே மேகம் இல்லைதான். செயற்கைக்கோளும் பொய் சொல்லவில்லை. படத்தில் விரல்கடை வடக்கே இருந்த அந்த வெள்ளைத் திட்டுக்குக் கீழேதான் நாங்கள் இருந்திருக்கிறோம்.

லோகநாதன் அண்ணன் சரியாகத்தான் சொன்னார். அது எங்கள் தீவே இல்லை.

எழுந்து நின்றேன். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. பாய் பயந்துபோய், "என்னம்மா, வாந்தி வருதா?" என்று வாளியை நீட்டினார்.

எந்தப் படிவத்திலோ யாரோ போர்டைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் 23, வியாழன்

யாரோ இல்லை. நான்தான்.

சக்கரவர்த்தி சாரிடம் விளக்கிச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தேடி, போன ஆகஸ்டில் எல்லா நிலையங்களிலிருந்தும் வாங்கிய படிவத்தை எடுத்தார். இந்த ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை தொடங்கியதே அந்தப் படிவத்தை வைத்துத்தான். ஹென்லி தீவு, அட்சரேகை 11.48. அதை யார் நிரப்பியது என்று கேட்டுக்கொண்டே திரையைக் கீழே தள்ளினார்.

அந்த ஒரு நொடியில், லோகநாதன் என் கம்ப்யூட்டரில் நிரப்பியிருக்கலாம் என்று சொல்லலாமா என்ற நினைப்பு வந்தது. வந்தது என்று எழுதிவைக்கிறேன். எழுதாவிட்டால் வராதது போல ஆகிவிடும்.

"நான்தான் சார்" என்றேன். கீழே என் பெயர் வரும் முன்பே சொல்லிவிட்டேன். அதில் ஒரு சின்ன ஆறுதல்.

அவர் நிறைய நேரம் சிரித்தார். ஏழு மாதமாக நடுக்கடலில் ஆபீஸ் நடத்தியிருக்கிறீர்கள், படகுப்படி வாங்கவில்லையா என்றார். சிரித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பொறுப்பு அதிகாரியின் தவறு என்று நான் குறிப்பு எழுத வேண்டியிருக்கும், ஜூன் மாற்றல் கஷ்டம், டிசம்பரில் பார்க்கலாம் என்றார். ஒப்பந்த ஊழியர்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று அந்தக் குறிப்பிலேயே சேர்க்கச் சொன்னேன். என் கண்முன்னாலேயே சேர்த்தார்.

"ஏதோ கடிதம் கொண்டுவருவதாகச் சொன்னீர்களே?" என்றார்.

"கொண்டுவரவில்லை சார்" என்றேன்.

இவருக்குப் போன் பண்ணி டிசம்பர் என்றேன். "சரி, அரிசி மூட்டை இன்னொண்ணு வாங்கிப்போடறேன்" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால் பரவாயில்லையாக இருந்திருக்கும். ஆனாலும் போனை வைத்தபின் வாசலில் விற்ற பூரியைத் தின்றேன். ஐந்து பூரி. பத்து நாளுக்குப் பிறகு வயிறார.

மார்ச் 24, வெள்ளி

தீவுக்குத் திரும்பினேன். அண்ணனிடம் நடுக்கடல் கதையைச் சொன்னேன். படிவம் நிரப்பியது நான் என்பதையும் சொன்னேன். அவர் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்போ நான் பாத்தது மேகம்தான்" என்றார். அவருக்கே சந்தேகம் வர ஆரம்பித்திருந்ததாம். இரண்டு வாரமாக ஒவ்வொரு முறையும் மூன்று தடவை எண்ணிவிட்டுத்தான் எழுதினாராம்.

கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அது கொடுக்கப்படாத கடிதம். கொடுக்கப்படாததை எதற்குச் சொல்ல வேண்டும்?

மார்ச் 29, புதன்

நிலையத்தைத் தூக்கி அதன் இடத்தில் வைத்து மறுபடி ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆகஸ்டிலிருந்து ஏறக்குறைய எல்லாமே பொருந்திவிட்டது. பொருந்தாமல் மிச்சம் இருப்பவை பதினொன்று மட்டும். அதில் இரண்டு மதியம். ஒன்பது காலை.

மழை நாளில் குடை திரும்பிக்கொண்டால் யாரால் வெளியே நிற்க முடியும்?

மார்ச் 31, வெள்ளி

பட்டியல் வந்தது. பதினேழாவது பெயர் அவருடையது. நான்தான் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் மனைவி ரஞ்சிதமும் பிள்ளைகளும் போட்ட கூச்சலில் என் காது அடைத்துவிட்டது. எனக்கும் நெஞ்சிலிருந்து பாறையைப் புரட்டிப் போட்டது போல இருந்தது. நன்றாக அழுதேன்.

ரஞ்சிதம் கிண்டிய கேசரியை மதியம் அண்ணன் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தார். "நீங்க நேர்ல போய்ச் சொல்லலைன்னா என்னைய முடிச்சிருப்பாங்க மேடம். எம் புள்ளைங்க ஒங்கள மறக்காதுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒரு வாய் போட்டேன். டப்பாவை மூடி வைத்தேன். கைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

வாய்விட்டு, மெதுவாக, இரண்டு வாக்கியத்தையும் படித்தார். கீழே என் கையெழுத்தையும் தேதியையும் பார்த்தார்.

"இருபத்தொண்ணாந்தேதி போட்டிருக்கீங்க."

"ஆமாண்ணே."

"மூட்டைய நான் தூக்கிட்டு வந்தேனே, அன்னைக்கு இது ஒங்க பையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவயாச்சும் ரெண்டரை மணிக்கு அந்த மேட்டுல வந்து நின்னு பாத்தீங்களா மேடம்?"

இல்லை என்றேன். மொட்டைமாடியில் பெட்ஷீட்டுக்கு நடுவே நின்று பார்த்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் கத்தியிருக்கலாம். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கேசரி டப்பா மேஜையிலேயே இருந்தது.

ஏப்ரல் 1, சனி

மதியம் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றார்.

"மேடம், ரெண்டரை ஆச்சு. வந்து பாருங்க."

குரலில் ஒன்றும் இல்லை. அவர் பின்னால் மேட்டுக்கு ஏறினேன். இருவரும் தலையை நிமிர்த்தி நின்றோம். மூன்று வருஷத்தில் அந்த நேரத்தில் அங்கே நான் நிற்பது முதல் தடவை. குன்றின் உச்சியிலிருந்து மேகம் எங்கள் தலைக்கு மேலே வந்து, வேலிக்கு அப்பாலும் போயிருந்தது.

"எவ்வளவு மேடம்?"

"ஏழு."

எழுதினார். ஐந்தரைக்கும் கூப்பிட்டார்.

ஏப்ரல் 2, ஞாயிறு

இரண்டரை. ஐந்தரை. இரண்டு முறையும் கூப்பிட்டார். துணி துவைக்கவில்லை.

ஏப்ரல் 4, செவ்வாய்

நான் ஆறு என்றேன். "பின்னாடி திரும்பிப் பாருங்க" என்றார். திரும்பிப் பார்த்தேன். ஏழுதான். வேறு பேச்சு இல்லை. ஒரு தண்டனையை இவ்வளவு ஒழுங்காக, நேரம் தவறாமல் தர முடியும் என்று எனக்குத் தெரியாது. பதினொரு வருஷம் நேரம் தவறாமல் வேலை பார்த்தவர் ஆயிற்றே.

ஏப்ரல் 6, வியாழன்

காலை எட்டரைக்கு மழை கொட்டியது. குடை திரும்பிக்கொண்டது. சேலை முழங்கால் வரை நனைய மேட்டில் நின்று எண்ணிவிட்டு வந்தேன். எட்டு. என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன்.

மதியத்துக்குள் மழை விட்டுவிட்டது. இரண்டரைக்கு அவர் கூப்பிட்டார். என் சேலையைப் பார்த்தார்.

ஏப்ரல் 8, சனி

இரண்டு இருபதுக்கே செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீஸ் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். இரண்டரை ஆனது. அவர் குடையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். கூப்பிடவில்லை. நான் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றுகொண்டேன்.

ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தார். பதிவேட்டை இழுத்து எண்ணை எழுதினார். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் அதை என் பக்கம் திருப்பி வைத்தார்.

வெளியே எட்டிப் பார்க்காமல் போட்டேன்.

"வீட்டுக்குப் போகலையா மேடம்?" என்றார். "துணி காஞ்சிருக்கும், எடுக்க வேணாமா?"

எட்டு நாள் கழித்து என்னிடம் அவர் பேசிய முதல் வெளிப்பேச்சு. போகிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டு, வழியெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.